எல்லார் முகத்திலும் மாமனார்

செத்துப்போன மாமனாரைப் பதினாறாம் நாளில் இரண்டாவது தடவை சாகடித்த மருமகன், எனக்குத் தெரிந்து, தாராவியிலேயே நான் ஒருவன்தான். முதல் தடவை அவர் போனதற்கு நுரையீரல் காரணம். இரண்டாவது தடவைக்கு நான் காரணம். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், இலை போட்டுச் சோறு வருவதற்குள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். நானும் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் சொல்வதில் பாதி கூட்டிச் சொல்வது. ஆனால் நடந்தது அதைவிட மோசம். அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

சாக்கட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நான் படிக்காதவன். (படிக்காதவன் என்றால் கைநாட்டு இல்லை. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற வரைக்கும் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்துவிட்டேன்.) தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் கட்டிங் வேலை. துணியை அடுக்கி விரித்து, மேலே சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டித் தள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் மிஞ்சின கறுப்புத் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். காலருக்கு இழுக்கிற கோட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வளைத்தால் அது ஆட்டுத் தாடையாகிவிடும். ஒரு தடவை அப்படி ஒரு ஆட்டுத் தலை அழியாமல் தையலுக்குப் போய்விட்டது. சட்டை வாங்கின ஆள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்பக்கத்தை வெளியே எடுத்து, என் முதுகில் ஏன் ஆடு நிற்கிறது என்று பட்டறை முதலாளி சேட்டிடம் கேட்டான். சேட் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆடு நல்லா இருக்கு, நீ நாளைக்கு வராதே" என்றார். மறுநாள் போனேன். ஆள் கிடைக்காததால் சேர்த்துக்கொண்டார். என் ஓவியத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பிறகு ஒரு நாள் மாட்டுங்காவில் ஒரு காகிதக் கடையில் கலர் சாக்கட்டிப் பெட்டியைப் பார்த்தேன். பேஸ்டல் என்றார்கள். சாயத்தை மாவாக்கிக் குச்சியாகப் பிடித்து வைத்தது, அவ்வளவுதான். காகிதத்தில் தேய்த்து விரலால் இழைத்தால் நிஜத் தோல் மாதிரி வரும். ஒரு கஷ்டம் உண்டு. எண்ணெய்ச் சாயம் மாதிரி அது காய்ந்து ஒட்டிக்கொள்ளாது. எத்தனை வருஷமானாலும் முகத்தில் பூசின பவுடர் மாதிரி காகிதத்தின் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். தொட்டால் கையோடு வந்துவிடும். ஆகவே மேலே மருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி போட்டு மூட வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இருந்தது ஒரே ரூம். அதிலேயே அடுப்பு, கட்டில், பீரோ, மகள் செல்வியின் படிப்பு, என் கலை. நான் ஒரு படம் வரைந்தால் அந்தப் பொடி வீடு பூராவும் போகும். தலையணை பச்சையாகும். உப்பு ஜாடி மஞ்சளாகும். ஒரு நாள் காலையில் இட்லி நீலமாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து மாமனார் சாப்பிட வந்திருந்தார். இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி பேச்சி, இத கிருஷ்ணர் அவிச்சாரா?" என்று கேட்டார். என் மனைவி பேச்சியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பார்வைக்குப் பிறகு இரண்டு நாளைக்குச் சாம்பார் உப்பில்லாமல் இருக்கும்.

மாமனார் பெயர் மாடசாமி. தோல் பட்டறையில் வேலை செய்து, தெம்பு குறைந்தபின் வடாலா பக்கம் ஒரு கோடவுனில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். மாமியார் எப்போதோ போய்விட்டார். மகன் முருகேசனோடு அடுத்த சந்தில் இருந்தார். என் படங்களைத் தினமும் வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"மாப்ள, நீரு வரையுத ஆளு பூராவும் ஏன் ரெண்டு நாளா வயித்தால போன மாதிரியே இருக்கான்?"

"அது நிழல் மாமா."

"நிழலா? பாவம். மோரு குடுக்கச் சொல்லும்."

உங்களை வரையட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நான் செத்த பெறவு வரைஞ்சிக்கிடும் ஓய். அப்பன்னா நான் பாக்காண்டாம்லா."

(எனக்கு அனுமதி அப்படித்தான் கிடைத்தது. இதை நான் பிற்பாடு எல்லாரிடமும் எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.)

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் போட்டோம். பேச்சி காலையிலும் சாயங்காலமும் கஞ்சி கொண்டு போவாள். முருகேசன் இரவில் இருப்பான். நான் என்ன செய்தேன்? செம்பூரில் ஒரு கோயில் ஹாலில் என் படங்களை மாட்ட இடம் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். அதற்கு வரைந்துகொண்டிருந்தேன். குளத்தில் தாமரை. ஆள் சாகக் கிடக்கும்போது தாமரை வரைந்தவன் நான். (ஹாலில் அப்புறம் இடமும் கொடுக்கவில்லை. அங்கே யாருக்கோ வளைகாப்பு.)

கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் மூக்கில் குழாய் இருந்தது. கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தார். நகத்துக்குள் எல்லாம் ரோஸ் கலர். பக்கத்தில் வரும்படி சைகை காட்டினார். காதைக் கொண்டுபோனேன்.

"கைய கழுவிட்டு வாரும்," என்றார்.

என்னிடம் அவர் பேசின கடைசி வார்த்தை அதுதான். கழுவிவிட்டு வருவதற்குள் நர்ஸ் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டாள். மறுநாள் அவர் இல்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது, மாட்டி வைக்க அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிற மனுஷர். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது. (நல்ல முழங்கை.) ஆதார் கார்டில் ஒன்று உண்டு. அதில் அவரைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்து நிறுத்தின மாதிரி இருக்கும்.

முருகேசன் சொன்னான்: "அத்தான், அந்த ஆதார் படத்த ஸ்டூடியோல குடுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தி, கோட்டு சூட்டு போட்டு, பின்னால அருவி வச்சுக் குடுப்பான்."

"ஒங்கப்பா குத்தாலத்துக்குக் கோட்டு போட்டுக்கிட்டா போனாரு?" என்று கேட்டேன். என் கலை அடிபட்டால் எனக்குப் பொறுக்காது.

பேச்சி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "எனக்கு மூக்குல குழா வச்ச மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்கி. அப்பாவோட மத்த மூஞ்சி வரவே மாட்டேங்கு. மறந்தே போச்சின்னா நான் என்ன செய்வேன்?"

"நான் கொண்டாந்து தாரேன்," என்றேன்.

அந்தப் படத்தை வரைகிறபோது அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் அப்படி உட்கார்ந்ததே இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாததையெல்லாம் அவள் சொன்னாள். மீசை இடது பக்கம் மஞ்சளாக இருக்கும், அதுதான் பீடி குடிக்கிற பக்கம். வலது புருவத்தில் தோல் பட்டறையில் பட்ட வெட்டு. சிரிப்பதற்கு முன்னால் ஒரு கண் கொஞ்சம் சுருங்கும். அவள் சொல்லச் சொல்ல நான் தேய்த்தேன், விரலால் இழைத்தேன், தூக்கி வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் காகிதத்திலிருந்து மாமனார் என்னைப் பார்த்தார். நீல இட்லியைப் பார்த்த அதே பார்வை.

பேச்சி ரொம்ப நேரம் பார்த்தாள். "காது கொஞ்சம் பெருசு," என்றாள். எழுந்து போய் டீ போட்டாள். ஒரு டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்பா போனதிலிருந்து பேருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்குத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருசம் வீடு பூரா பொடியக் கொட்டுனதுக்கு இன்னைக்குத்தாங்க ஒரு அர்த்தம் தெரியுது."

அந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் நல்ல மனுஷன்.

செல்வி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். என் குணம் தெரிந்தவள். "அப்பா, ஸ்ப்ரே அடிச்சிருங்க. டச் பண்ணா போயிரும்ல?" என்றாள்.

"மருந்தடிச்சா கலரு செத்துரும். ஒங்க தாத்தா என்ன மூட்டப்பூச்சியா, மருந்தடிக்க?"

"அப்ப கண்ணாடியாவது போடுங்க."

போட்டேன். மாட்டுங்காவில் பிரேம் போட்டு, கண்ணாடி வைத்து, ஆணியடித்து வாங்கி வந்தேன். அதுவரைக்கும் சரி. பதினாறாம் நாள் காலையில் ரூமைக் காலி பண்ணி, ஸ்டூலில் வெள்ளைத் துண்டு விரித்து, படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். வாசலில் நின்று பார்த்தேன். மாமனாரைக் காணோம். கண்ணாடியில் எதிர்ச் சுவர் டியூப்லைட்டும், சந்தில் காய்கிற யாருடைய லுங்கியோவும்தான் தெரிந்தது. இடது பக்கம் போனால் டியூப்லைட். வலது பக்கம் போனால் லுங்கி. ஊரிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆள் வரப்போகிறது. வாழ்நாளில் நான் வரைந்ததிலேயே நல்ல படம். அவர்கள் லுங்கியைப் பார்த்துவிட்டா போக வேண்டும்?

பேச்சி குளிக்கப் போயிருந்தாள். துணி வெட்டுகிற கத்திரியின் முனையால் ஆணியை நெம்பினேன். கண்ணாடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். படம் பளிச்சென்று வந்தது. செத்தவர் படத்தை யார் தொடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நினைத்தேன், கேட்டீர்களா! எங்கள் ஆட்கள் செத்தவர் படத்தைத் தொடாமல் வேறு எதைத் தொடுவார்கள்? என் சொந்த அப்பா படத்தை நானே எத்தனை தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். அந்தக் கை வேறு, இந்தப் புத்தி வேறாக இருந்திருக்கிறது அன்றைக்கு.

சந்தில் நீலத் தார்ப்பாய் கட்டிச் சமையல். மழை விட்டு விட்டுப் பெய்தது. ரசத்துக்கு நான் காவல். உள்ளே நடந்ததைச் செல்வி சொல்லித்தான் அப்புறம் தெரிந்துகொண்டேன். அவளும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்து கடைசியில்தான் வந்தாள், மற்றவர்களிடம் கேட்டுச் சொன்னாள். பேச்சியை, மகள் என்பதால், மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் பெண்கள் கூட்டம் மறைத்திருந்தது.

முதலில் முருகேசன். மகன்தானே பொட்டு வைக்க வேண்டும். ஈரச் சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து அப்பா நெற்றியில் பாசத்தோடு அழுத்தினான். நெற்றி போயிற்று. பிறகு மாலை. பூக்காரன் வாடாமல் இருக்கத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தது. கழுத்தும் தோளும் போயின. இதுவரைக்கும்கூட மனுஷர் அடையாளம் தெரிந்திருப்பார். அப்போதுதான் செம்பூரிலிருந்து உலகம்மாள் சித்தி வந்தாள்.

சித்தி மாமனாரின் ஒரே தங்கச்சி, எனக்குச் சித்தி முறை, பேச்சிக்கும் முருகேசனுக்கும் அத்தை. மழையில் ஆட்டோ கிடைக்காமல் நனைந்து வந்திருந்தாள். "அண்ணாச்சீ" என்று ஒரு கூப்பாடு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அண்ணன் கன்னம் இரண்டையும் ஈரக் கையால் மேலிருந்து கீழே வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். "என் ராசா, இந்த மூஞ்சிய இனி எங்க பாப்பேன்!" மறுபடி வழித்தாள். மறுபடி நெட்டி. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் வரிசையாக வந்து, ஆளுக்கொரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர். யாருக்கு என்ன தெரியும்?

வெளியே எனக்கு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. அது ஏறிக்கொண்டே போனது. பக்கத்து ரூம் பால்ராஜ் என்னிடம் வந்தான். "என்ன அண்ணாச்சி, எறந்த அன்னைக்குக்கூட இவ்வளவு அழுக இல்லையே?"

கரண்டியை நிமிர்த்திப் பிடித்தேன். "படம் பேசுதுல்லா," என்றேன்.

"ஏக்தம், அப்படியே உசுரோட இருக்காரோ?"

"போயிப் பாரு. நீயும் அழுவ."

கலை என்றால் இதுதான் என்று ரசத்தைக் கிண்டிக்கொண்டே நினைத்தேன். படிக்காத ஒருவன், சாக்கட்டி பிடித்த ஒருவன், ஒரு ரூம் பெண்களை இப்படி அழ வைக்கிறான். கொஞ்சம் என் கண்ணும் கலங்கியது. அப்போது சித்தி அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நெற்றியில் இரண்டு பக்கமும் காவி. கன்னத்தில் மாநிறம். மேலுதட்டில் வெள்ளை மீசை. இடது பக்கம் கொஞ்சம் மஞ்சள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாப்ள! எங்க அண்ணாச்சிய அப்படியே கொண்டாந்து நிறுத்திட்டிய!"

உண்மைதான். நிறுத்தித்தான் இருந்தேன், அவள் மூக்குக்குக் கீழே.

கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எதிரே வருகிற ஒவ்வொரு முகத்திலும் மாமனார் கொஞ்சம் கொஞ்சம் இருந்தார். ஒருத்தி இமையில் அவர் கன்னம். ஒருத்தி மூக்கில் அவர் புருவத்து வெட்டு. முருகேசன் கட்டை விரலில் நெற்றி. ஸ்டூலில் பார்த்தேன். மாலைக்கு நடுவில் பழுப்பாக ஒரு புகை. மேலே சந்தனக் கட்டி. அவ்வளவுதான்.

கூட்டம் விலகியதில் பேச்சியும் அப்போதுதான் பார்த்தாள். எழுந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள். எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடிய எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

அவள் வாசலுக்குப் போனாள்.

விஷயம் பரவினதும் எல்லாரும் பதறிக் குழாயடிக்கு ஓடினார்கள். செத்தவர் முகத்தை ஒட்டிக்கொண்டு பந்தியில் உட்கார முடியுமா? வரிசையில் நின்று மாமனாரைக் கழுவினார்கள். பழுப்பாகத் தண்ணீர் சாக்கடையில் இறங்கியது. பேச்சி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவையும் குளிப்பாட்டியாச்சு," என்றாள். "இனி தூக்கிர வேண்டியதுதான்."

அந்த நேரத்தில்தான் முருகேசன் சித்தியை நிமிர்ந்து பார்த்தான். அவள் மீசையைத் தவிர எல்லாவற்றையும் கழுவியிருந்தாள். "அத்த, அப்பா ஒங்க..." என்றான். முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சித்தி உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். பந்தியிலும் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு இலையாகப் போனது. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. நானும்தான். ரசம் அடிப்பிடித்துப் போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மறுபடி வரைந்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். புதிதாக வரைந்த முதல் படத்தைப் பேச்சியிடம் காட்டினேன். "இது யாரு? ஒங்க சேட்டா?" என்றாள். இரண்டாவதைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. எனக்கு வரவில்லை. அந்த மூஞ்சி என் கையில் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதில் இருந்தது. இந்தத் தடவை அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மீசை எந்தப் பக்கம் மஞ்சள் என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால், கெட்டுப்போன பழைய படத்தையே பேச்சி எடுத்து, சந்தனத்தைச் சுரண்டி, கட்டிலுக்கடியில் இருந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, அவளே ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். புகைக்கு ஓரத்தில் ஒன்று மட்டும் அழியாமல் இருந்தது. காது. நெற்றியைத் தொட்டார்கள், கன்னத்தைத் தொட்டார்கள். காதைத் தொட்டு யாரும் கண்ணில் ஒற்றுவதில்லை. பெரிசு என்று அவள் சொன்ன அதே காது.

அன்றையிலிருந்து அவள் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காதிடம் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, கேட்டியளா, இந்த மனுசன் கேஸ் புக் பண்ணல." "அப்பா, கேட்டியளா, தலவாணி மறுபடியும் பச்சையாயிட்டு." ஒரு வருஷத்துக்கு மேல் நான் வீட்டில் காது வழியாகத்தான் திட்டு வாங்கினேன். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் ரகசியம் பேசினாலும், "மெல்லப் பேசு, தாத்தா கேட்டுக்கிட்டிருக்காரு" என்பார்கள். செல்வியின் மகன் மூஞ்சியில் அழுக்கோடு வந்தால், "தாத்தா ஒட்டிக்கிட்டாரு, கழுவிட்டு வா" என்பாள் செல்வி. அவன் மராத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன், தமிழில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம் இதுதான்.

போன தீபாவளிக்கு முன்னால் பேச்சி என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோட்டு மாட்டினார்கள். பின்னால் அருவி. படத்தைப் பெரிசாகப் போட்டு, லேமினேஷன் செய்து, அதற்கு மேலே கண்ணாடியும் போட்டு வாங்கினாள். அப்பா காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியும் அடித்தாயிற்று. நான் போனபின் மாட்டிக்கொள்ளலாம் என்று படத்தைப் பரணில் என் பேஸ்டல் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதைக் கீழே இறக்குவாள். ஈரத் துணியால் என் மூஞ்சியை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். துணியைப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்றும் ஒட்டியிருக்காது.

"அப்பா, கேட்டியளா," என்பாள். "இது போகாது."